குளிருக்குள்ள ஓடினவர்கள்: பனிக்கால மோட்டார் சைக்கிளின் ஒரு சின்ன வரலாறு

மோட்டார் சைக்கிளின் வரலாறு என்று தேடினால் பெரும்பாலும் வேகத்தின் கதைதான் கிடைக்கும். எந்த எஞ்சின், எத்தனை குதிரைவலு, எந்தப் போட்டியில் ஆர் முதல் வந்தது. ஓட்டினவர்களுக்குக் குளிர்ந்ததா என்று பெரிதாக ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் குளிர்நாட்டில் மோட்டார் சைக்கிளை நம்பி வாழ்ந்த ஒருவருக்கு, வருசத்தில் நாலைந்து மாதம் வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. விறைத்த விரலும் மூட்டமும்தான் பிரச்சினை. பனிக்காலத்தில் ஆர் ஓட்டினார்கள், ஏன் ஓட்டினார்கள், அவர்கள் போட்டிருந்த கோட் எங்கேயிருந்து வந்தது? இந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனால் ஐரோப்பாவின் இருபதாம் நூற்றாண்டு வேறொரு பக்கத்தாலே தெரியத் தொடங்குது. இந்தக் கட்டுரையில் நாங்கள் அந்தப் பக்கத்தாலேதான் போகப்போறம்.

முதலில் குளிர் என்ன செய்யுது என்று பார்ப்பம். காற்றில்லாத இடத்தில் நிற்கிற ஒருவருக்கு 5 பாகை செல்சியஸ் என்பது ஒரு நல்ல ஸ்வெற்றரோடு சமாளிக்கக்கூடிய குளிர். அதே 5 பாகையில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவரின் திறந்த தோலுக்கு, அது சுழியத்துக்குக் கீழே 2 பாகை போல உறைக்கும். உடம்பைச் சுற்றியிருக்கிற மெல்லிய சூட்டுப் படையைக் காற்று அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். வெளியில் சுழியப் பாகை, வேகம் 80 கிலோமீற்றர் என்றால், உறைப்பது கிட்டத்தட்டச் சுழியத்துக்குக் கீழே 10. முதலில் போவது விரல்கள். விரல் விறைத்தால் கிளச்சையும் பிரேக்கையும் எவ்வளவு பிடிக்கிறம் என்பது தெரியாது.

மூட்டம் வந்தால் கதை இன்னும் மோசம். கண்ணாடியின் வெளிப்பக்கம் நீர்த்துளி, உள்பக்கம் மூச்சின் ஆவி. கார்க்காரருக்கு வைப்பர் இருக்கு. இவருக்குக் கையுறை போட்ட பெருவிரல்தான் வைப்பர். லைற்றைக் கூட்டினால் மூட்டம் அந்த வெளிச்சத்தைத் திருப்பி இவருடைய கண்ணுக்குள்ளேயே அடிக்கும். தமிழில் நாங்கள் மூட்டத்துக்கும், புல்லில் நிற்கிற துளிக்கும், வெள்ளையாகக் கொட்டுகிறதுக்கும் 'பனி' என்ற ஒரே சொல்லைத்தான் பாவிக்கிறம். ஓட்டுகிறவருக்கு இது மூன்றும் மூன்று வேறு ஆபத்துகள்.

மாணவர்களும் கடிதங்களும்

1914 ஆகஸ்ட்டில் பிரித்தானியா போருக்குள் இறங்கின கையோடு, இராணுவத்துக்குத் தகவல் காவிகள் தேவைப்பட்டார்கள். ரெலிபோன் கம்பி அறுந்துபோகும், வயர்லெஸ் அப்போது பெரிதாக வளரவில்லை. ஒரு காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு இரவோடு இரவாக ஓடுகிற ஆள்தான் நம்பிக்கையான வழி. இப்படிச் சேர்ந்தவர்களில் பலர் பல்கலைக்கழக மாணவர்கள். கன பேர் தங்கட சொந்த மோட்டார் சைக்கிளோடேயே போனார்கள். ஒக்ஸ்போர்டில் படித்த டபிள்யூ. எச். எல். வொட்சன் என்பவர் அந்த அனுபவத்தை 1915இலேயே புத்தகமாக வெளியிட்டார்.

ஏன் மாணவர்கள்? வீரம் மட்டும் காரணம் இல்லை. 1914இல் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற, அதைத் திருத்தத் தெரிந்த இளைஞர் என்றால் அவர் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளை. பிறகு போர் நீண்டபோது நிலைமை மாறியது. ட்ரயம்ப் கம்பனியின் 'மொடல் எச்' 1915 முதல் உற்பத்தியாகி, ஏறத்தாழ 30,000 வண்டிகள் நேச நாட்டுப் படைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அதன் பின் சில்லைச் சுற்றியது சங்கிலி இல்லை, பட்டி. மழையிலும் சேற்றிலும் பட்டி வழுக்கும். லைற் பெரும்பாலும் காபைட் விளக்கு: காபைட்டில் தண்ணி சொட்டச் சொட்ட வாயு வந்து எரியும். கடும் குளிரில் அந்தத் தண்ணி உறைந்தால் வெளிச்சமும் போய்விடும். போர்முனைக்குக் கிட்ட லைற் போடவும் முடியாது. ஆக, வழுக்குகிற பட்டியோடு, வெளிச்சம் இல்லாமல், பனிக்கால இரவில் ஓடுவதுதான் வேலை.

கோட்டும் தலைக்கவசமும்

இண்டைக்குப் பெரிய கடைகளில் விலையுயர்ந்த நாகரிக உடுப்பாக விற்கிற மெழுகு பூசின பருத்திக் கோட்டுக்கும் இந்தக் குளிரோடு தொடர்பிருக்கு. இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் கடற்தொழிலாளர்களுக்கு மழைக்கோட் விற்றுத் தொடங்கின பார்பர் கம்பனி, 1936இல் மோட்டார் சைக்கிள் போட்டிக்காரருக்காக ஒரு கோட்டை உருவாக்கியது. கடலில் நனைந்தவர்களுக்குச் செய்த துணி தெருவுக்கு வந்தது இப்படித்தான்.

தலைக்கவசம் வந்த கதை இதைவிடக் கசப்பானது. 1935 மே மாதம் ரி. ஈ. லோரன்ஸ் தன்னுடைய புறஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிளில் விபத்துக்குள்ளாகி ஆறு நாளில் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹியூ கெயர்ன்ஸ், பிறகு தலைக்காயங்களை ஆராயத் தொடங்கினார். 1939 செப்டெம்பரிலிருந்து பிரித்தானியத் தெருக்களில் இருட்டடிப்பு. வாகன லைற்றுகளை மறைத்துக்கொண்டுதான் ஓட வேணும். கெயர்ன்ஸ் 1941 ஒக்ரோபரில் வெளியிட்ட கட்டுரையின்படி, போரின் முதல் 21 மாதங்களில் மாத்திரம் 2,279 மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களும் பின்னுக்கு இருந்தவர்களும் வீதி விபத்துகளில் இறந்திருந்தார்கள். இது குண்டுபட்டு இறந்தவர்களின் கணக்கு இல்லை, தெருவில் விழுந்து இறந்தவர்களின் கணக்கு. அடுத்த மாதமே கடமையிலுள்ள இராணுவ ஓட்டுநர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமானது. சாதாரண மக்களுக்குப் பிரித்தானியாவில் அது கட்டாயமாக 1973 வரை எடுத்தது. ஒரு சிப்பாயின் தலையை அரசு எவ்வளவு கெதியாகப் பெறுமதியானது என்று கண்டுபிடித்தது, ஒரு தொழிலாளியின் தலைக்கு எவ்வளவு காலம் எடுத்தது என்பதை இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

1941: ஆரின்ர கம்பளி?

அதே 1941இன் ஜூன் மாதம் ஜேர்மனி சோவியத் ஒன்றியத்துக்குள் புகுந்தது. அந்தப் படையின் முன்வரிசையில் மோட்டார் சைக்கிள் படையணிகள் இருந்தன. கோடைகாலத் தூசியில் அவை வேகமாக ஓடின. இலையுதிர்காலச் சேற்றில் புதைந்தன. மார்கழியில் மொஸ்கோவைச் சுற்றி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 30ஐயும் தாண்டியது. எண்ணெய் கட்டியானது, எஞ்சின்கள் கிளம்ப மறுத்தன. காலைச் சுற்றிப் பொத்தான் போடுகிற நீளமான றப்பர் கோட் ஈரத்தைத் தடுக்கும், இந்தக் குளிரைத் தடுக்காது. பிறகு வந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 75 போன்ற வண்டிகளில் எஞ்சின் புகையின் சூட்டைக் கைக்கும் காலுக்கும் திருப்பிவிடுகிற குழாய்களைப் பொருத்தினார்கள். 1941 மார்கழியில் இருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

போர் குளிருக்கு முன்னமே முடிந்துவிடும் என்று திட்டமிட்டதால், படைக்குப் போதுமான பனிக்கால உடுப்பு இல்லை. 1941 மார்கழியில் கோயபல்ஸ் வானொலியில் பேசி, வீட்டிலுள்ள கம்பளியையும் உரோம உடுப்பையும் போர்முனைக்குத் தரும்படி ஜேர்மனிய மக்களிடம் கேட்டார். பல வரலாறுகளில் இந்தக் கதை இத்தோடு நின்றுவிடும். ஆனால் அதே மார்கழியில் வார்சோ கெற்றோவில் அடைக்கப்பட்டிருந்த யூதர்களுக்கு, தங்களிடமுள்ள உரோம உடுப்புகள் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேணும் என்ற கட்டளை வந்தது. மறைத்தால் மரணதண்டனை. 1942 தையில் ஜேர்மனியில் இருந்த யூதர்களிடமும் உரோமத்தையும் கம்பளியையும் பறித்தார்கள். ஏற்கெனவே பசியாலும் குளிராலும் நாளாந்தம் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்துதான் அந்த உடுப்புகள் போயின. பனியில் விறைத்த சிப்பாயைப் பார்த்துப் பரிதாபப்படுகிற எந்த வரலாறும், அவரை மூடின கம்பளியை ஆரின்ர தோளிலிருந்து உரிந்தார்கள் என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கதை. சோவியத் ஒன்றியம் பி.எம்.டபிள்யூ. ஆர் 71ஐப் பார்த்து எம்-72 என்ற வண்டியைச் செய்யத் தொடங்கியிருந்தது. ஜேர்மனியர் நெருங்கினபோது மொஸ்கோவிலிருந்த தொழிற்சாலையைக் கழற்றி, யூரல் மலைகளுக்கு அப்பால் இர்பிற் என்ற சிறு நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கிடைத்த பெரிய கட்டடம் ஒரு பழைய பியர் வடிசாலை. அதற்குள்தான் 1942இலிருந்து வண்டிகள் வெளிவந்தன. போர் முடியும்வரை 9,799 எம்-72கள் அங்கிருந்து போர்முனைக்குப் போனதாகக் கணக்கு. 'யூரல்' என்ற பெயரில் இண்டைக்கும் அறியப்படுகிற பக்கப்பெட்டி மோட்டார் சைக்கிளின் பூர்வீகம் அதுதான்.

தேவை முடிந்த இடத்தில் விழா

போருக்குப் பிறகான மேற்கு ஜேர்மனியில் மோட்டார் சைக்கிள் என்பது கார் வாங்க வசதியில்லாதவர்களின் வாகனம். தொழிற்சாலைக்குப் போகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர், மனைவியைப் பின்னுக்கும் பிள்ளையைப் பக்கப்பெட்டிக்குள்ளும் வைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறவர். பனிக்காலம் வந்தால் வண்டியை நிறுத்திவைக்கிற வசதி இவர்களுக்கு இல்லை. பேப்பரை நெஞ்சுக்குள் மடித்து வைத்துக்கொண்டு ஓடினார்கள். 1950களின் நடுப்பகுதியில் உலகத்திலேயே பெரிய மோட்டார் சைக்கிள் உற்பத்தியாளர்களில் ஒன்று அங்கிருந்த என்.எஸ்.யூ. கம்பனி.

பிறகு கார் வந்தது. 1955இல் பி.எம்.டபிள்யூ. இசெற்றா என்ற முட்டை மாதிரியான சின்னக் காரை விற்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் வொக்ஸ்வாகன் தன்னுடைய பத்து இலட்சமாவது 'வண்டு' காரைச் செய்து முடித்தது. தலைக்கு மேலே ஒரு கூரை வாங்க முடிந்த எல்லாரும் வாங்கினார்கள். சில வருசங்களுக்குள் மோட்டார் சைக்கிள் சந்தை சரிந்து, அட்லர், ஹோரெக்ஸ் போன்ற கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தத் தொழிலை விட்டன.

சரியாக இந்த நேரத்தில்தான், 1956 தை மாதம், ஏர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்ற மோட்டார் சைக்கிள் பத்திரிகையாளர் ஸ்ருட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூட்டத்தைக் கூட்டினார். வந்தவர்கள் சுண்டாப் கே.எஸ். 601 என்ற பாரமான பக்கப்பெட்டி வண்டியின் ஆட்கள். அந்த வண்டிக்குப் 'பச்சை யானை' என்று பட்டப்பெயர். கூட்டத்துக்கு 'யானைச் சந்திப்பு' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 1961இல் அது நூர்பேர்க்ரிங் பந்தயத் திடலுக்குப் போனது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். 1989இலிருந்து பவேரியக் காட்டிலுள்ள சொல்லா என்ற இடத்தில், ஒவ்வொரு பனிக்காலமும் நடக்குது. வெண்பனிக்குள் கூடாரம், வைக்கோல், நெருப்பு. தெருவில் இறந்த ஓட்டுநர்களை நினைத்துத் தீப்பந்தம் ஏந்திப் போகிற வழக்கமும் இருக்கு. வேல்ஸில் 1962இல் தொடங்கின 'டிராகன் ரலி'யும் இதே மாதிரியான பனிக்காலச் சந்திப்புத்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேணும். குளிரில் ஓடுவது பெரும்பாலானவர்களுக்குக் கட்டாயமாக இருந்தவரை அதற்கு விழா இல்லை. அந்தக் கட்டாயம் கழரத் தொடங்கின அதே ஆண்டுகளில்தான் அது கொண்டாட்டமானது. இதில் பிழை ஒன்றும் இல்லை. கஷ்டப்பட்டுக் கற்ற ஒரு திறமையை மறந்துபோக விடாமல் காப்பாற்றுவதும் ஒரு வேலைதான். இறந்தவர்களுக்குத் தீப்பந்தம் ஏந்துவது மதிக்கப்பட வேண்டிய விசயம். ஆனால் 1956இல் 35 வயதான ஒரு ஜேர்மனியர், 1941இல் 20 வயதுக்காரர். அவருக்குத் தெரிந்த பனிக்காலங்களில் எது நெருப்பைச் சுற்றிக் கதைக்கப்பட்டது, எது கதைக்கப்படாமல் போனது? ஏக்கம் எப்பவும் குளிரை ஞாபகம் வைத்திருக்கும். கம்பளி எங்கேயிருந்து வந்தது என்பதை அது வசதியாக மறந்துவிடும்.

இது எங்களுக்கும் தூரத்துக் கதை இல்லை. 90களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைக்குள், காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓடின எம்.டி. 90 வண்டிகளைப் பற்றி இண்டைக்கு எங்கட தலைமுறை சிரிப்போடும் பெருமையோடும் பதிவு போடுது. அந்தத் திறமை பெருமைக்குரியதுதான். ஆனால் அந்த மண்ணெண்ணெய் என்ன விலைக்கு விற்றது, ஆர் பதுக்கினது, வாங்க முடியாமல் நோயாளியைச் சைக்கிளில் ஏற்றி மிதித்துக்கொண்டு போனவர் ஆர் என்பதையும் சேர்த்து எழுதாட்டி, அது பாதி வரலாறுதான். மலையகத்திலும் இப்படித்தான். மூட்டத்துக்குள் பைக் ஓட்டுவதற்காக நாங்கள் கூட்டமாக நுவரெலியாவுக்குப் போகிறம். அதே தெருவில் விடிய முன்னம் பாண் கொண்டு போகிறவருக்கும் மரக்கறி ஏற்றுகிறவருக்கும் மூட்டம் ஒரு காட்சி இல்லை, வேலைநேரம்.

உங்கட வீட்டிலும் இப்படி ஓடினவர்கள் இருப்பார்கள். தபால் கொண்டுபோனவர், தோட்டத்து மருந்துக்கடைக்கு ஓடினவர், வெளிநாட்டுக்குப் போன புதிதில் ஸ்நோவுக்குள் பீட்சா கொண்டுபோனவர். அவர்களிட்டக் கேளுங்கோ. எந்த வண்டி, எத்தனை மைல் என்பதோடு நிற்காமல், ஏன் ஓட வேண்டி வந்தது, கோட் ஆர் தந்தது, கூட ஓடினவர்களில் வீட்டுக்குத் திரும்பாதவர் ஆர் என்றும் கேளுங்கோ. கேட்டதை எழுதி வையுங்கோ. அந்த ஆட்கள் இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்விகள் இவை.