மருந்தும் சான்றும்

மருந்தியல் கற்கப் புகும் மாணவர்க்கு நான் முதலில் நினைவூட்ட விரும்பும் ஆண்டு 1937. அவ்வாண்டில் அமெரிக்க நாட்டில் சல்ஃபனிலமைடு என்னும் நல்ல மருந்தைக் குடிக்கும் மருந்தாக்கி விற்றனர். அது நீரில் எளிதில் கரையாது. ஆதலின் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் இனிப்புத் திரவத்தில் கரைத்தனர். நிறம், மணம், சுவை மூன்றையும் சோதித்தனர். நஞ்சா என்பதைச் சோதித்தாரில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் சிறுநீரகம் கெட்டு மாண்டனர். அவருள் குழந்தைகள் பலர்.

குற்றம் மருந்தினது அன்று, கரைத்த திரவத்தினது என்பதைச் சிகாகோப் பல்கலைக்கழக ஆய்வாளர் விலங்குகளில் சோதித்துக் கண்டனர். அப்பணியில் பங்குகொண்ட மாணவி பிரான்சிஸ் ஓல்டம், 1938-இல் டாக்டர் பட்டம் பெற்றார். புது மருந்தை விற்குமுன் அது தீங்கற்றது எனக் காட்டவேண்டும் என்ற சட்டமும் அவ்வாண்டிலேயே பிறந்தது.

திருமணத்திற்குப் பின் கெல்சி எனப் பெயர் பெற்ற அவர், 1960-இல் அரசின் மருந்து அனுமதித் துறையில் பணி ஏற்றார். தாலிடமைடு மருந்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தது. வணிகர் பன்முறை நெருக்கியும், சான்று போதாதென்று அவர் இசையவில்லை. கருவுற்ற தாயர் அதை உண்டமையால் பிற நாடுகளில் குழவிகள் கைகால் குறைந்து பிறந்த செய்தி 1961-இல் வெளிப்பட்டது.

புது மருந்து காண்பது பெரும்பணியே. அதனைச் சான்று கேட்டு நிறுத்துவதும் அக்கல்வி தரும் கடமையாகும்.