கோட்டுக்குள் புகுந்த ஸ்வெட்டர்

சூட் போட்டவர் கோட்டுக்குள்ளே, டைக்கு மேலே, ஒரு ஸ்வெட்டரும் போட்டிருந்தால் இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1910 வாக்கில் லண்டனில் அப்படி ஒருவர் அலுவலகம் போயிருந்தால் நிச்சயம் பார்த்திருப்பார்கள். கம்பளி நூலில் பின்னிய மேலாடை மீனவருக்கும் மாலுமிக்கும் உரியது என்பது அன்றைய எண்ணம். கனவான்கள் அதை விளையாட்டு மைதானத்தில் போடுவார்கள், இல்லையென்றால் வெளியே தெரியாமல் உள்ளாடையாகப் போடுவார்கள். சட்டைக்கும் கோட்டுக்கும் நடுவில் இருந்த இடம் வெயிஸ்ட்கோட்டுடையது. கோட்டு தைத்த அதே துணியில், அதே தையல்காரர் கையால் அதுவும் வரும்.

அந்த இடத்தை ஸ்வெட்டர் பிடித்த கதை ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னிக்கும் ஷெட்லாந்துக்கும் நடுக்கடலில் கிடக்கும் ஃபேர் ஐல் தீவில் தொடங்குகிறது. நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஆண்கள் கடலுக்குப் போவார்கள். பெண்களுக்கு வயல் வேலை, ஆட்டு வேலை, இவற்றுக்கு இடையில் பின்னல். ஷெட்லாந்துப் பெண்கள் இடுப்பில் ஒரு தோல் பட்டை கட்டியிருப்பார்கள். உள்ளே குதிரைமயிர் அடைத்து, மேலே வரிசையாகத் துளை போட்டது. பின்னல் ஊசியின் ஒரு முனையை அந்தத் துளையில் செருகிவிட்டால் ஊசி ஆடாது, கை வேகம் பிடிக்கும். முதுகில் கூடைச் சுமையோடு நடந்துகொண்டே பின்னுவார்கள்.

ஃபேர் ஐல் பின்னலில் பத்து நிறம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் ஒரு வரிசைக்கு இரண்டு நிறம்தான். ஒரு நிறத்து நூல் முன்னால் கண்ணி போடும்போது மற்றது பின்னால் காத்திருந்து கூடவே ஓடும். ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பினால் அந்த ஓட்டங்கள் வரிவரியாகத் தெரியும். கோலம் அழகுக்கு மட்டும் இல்லை என்பது அப்போதுதான் புரியும். உடம்பின் மேல் இரட்டை அடுக்குக் கம்பளி, வடகடல் காற்றுக்கு வேறென்ன வேண்டும்?

இந்தக் கோலங்களை 1588-ல் அங்கே கரைதட்டி உடைந்த ஸ்பானியக் கப்பலின் மாலுமிகள் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கப்பல் உடைந்தது உண்மை. மற்றதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் சரக்கு விற்க நல்ல கதை!

பின்னியவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். 19-ஆம் நூற்றாண்டில் ஷெட்லாந்து வியாபாரிகள் பல நேரம் காசுக்குப் பதிலாகத் தேயிலையும் துணியும்தான் கொடுத்தார்கள். அதை விசாரிக்க அரசு ஆணையமே அமைத்து 1872-ல் அறிக்கை வந்தது.

ஐம்பது ஆண்டு கழித்து ஒரு திருப்பம். 1921-ல் ஷெட்லாந்தின் லெர்விக் ஊர்த் துணி வியாபாரி ஜேம்ஸ் ஏ. ஸ்மித், பட்டத்து இளவரசர் எட்வர்டுக்கு ஒரு ஃபேர் ஐல் ஸ்வெட்டரைப் பரிசளித்தார். கெட்டிக்கார வியாபாரி. மறு ஆண்டு எட்வர்ட் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள புகழ்பெற்ற கோல்ஃப் கிளப்பின் கேப்டனானார். புதிய கேப்டன் முதல் பந்தை அடித்துப் பதவியேற்பது அங்கே வழக்கம். அந்தப் பந்தை எடுத்துக் கொடுப்பவருக்குத் தங்க நாணயம். கூட்டம் கூடும், கேமராக்கள் கூடும். எல்லாருக்கும் நடுவில் இளவரசர் பலவண்ண ஃபேர் ஐல் ஸ்வெட்டரோடு நின்றார். 1925-ல் ஜான் செயின்ட் ஹீலியர் லாண்டர் வரைந்த அவருடைய ஓவியத்திலும் ஃபேர் ஐல் ஸ்வெட்டர்தான். அரசர் வீட்டுப் பிள்ளை போட்டதைக் கல்லூரி மாணவனும் போட்டான், பிறகு அவன் அப்பாவும் போட்டார்.

கோல்ஃப் மைதானத்திலிருந்து கோட்டுக்குள் வர ஸ்வெட்டர் கொஞ்சம் இளைக்க வேண்டியிருந்தது. நல்ல கோட்டின் கைக்குழியை அக்குளை ஒட்டி வெட்டுவார்கள், கையைத் தூக்கினால் கோட்டு முழுக்கத் தூக்காமல் இருக்க. அங்கே தடித்த கம்பளிக் கை புகுந்தால் தோள் சுருங்கும், முழங்கை மடங்காது. ஆகவே கையில்லாத ஸ்வெட்டர். கழுத்து வி வடிவம், டை முடிச்சு தெரிவதற்காக. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வெயிஸ்ட்கோட்டின் வடிவம் அப்படியே வந்துவிடுகிறது, பொத்தான் மட்டும் இல்லை. தறித் துணியில் தைத்த வெயிஸ்ட்கோட்டு சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றைப் பிடிக்கும். பின்னல் துணி கண்ணிகளால் ஆனது, இழுத்த பக்கம் கொடுக்கும். திருப்பூர் பனியனின் சுகமும் இதே கண்ணியில்தான். வெயிஸ்ட்கோட்டு தோற்றதற்கு இளவரசரைவிட இந்தச் சுகத்துக்கே அதிகப் பங்கு என்பது என் கட்சி.

மிச்சத்தைப் போர் செய்தது. 1941-ல் பிரிட்டனில் துணிக்கு ரேஷன் வந்தது. மறு ஆண்டு சூட்டில் இரட்டை மார்புக் கோட்டையும் கால்சட்டையின் கீழ் மடிப்பையும்கூடத் தடை செய்தார்கள். வீட்டுப் பெண்கள் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து நூலைச் சுற்றி வைத்தார்கள். துண்டு துண்டான நூலுக்கு ஃபேர் ஐல் கோலத்தைவிடத் தோதானது எது? ஒரு வரிசைக்கு ஒரு கைப்பிடி நூல் இருந்தால் போதும்.

வெயிஸ்ட்கோட்டோடு நிற்காமல் சட்டையையும் டையையும் சேர்த்துத் தள்ளிய பின்னலாடை, கழுத்தை மூடி மடியும் ரோல் நெக். 1924-ல் நாடகக்காரர் நோயல் கவர்ட் வண்ண வண்ணமாகப் போட்டுத் திரிந்தார். 1968-ல் ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் பழுப்புக் கோட்டுக்குள் கருநீல ரோல் நெக்கோடு வந்தார். ஆனால் சூட்டுக்குள் போடும் ரோல் நெக், சட்டைத் துணிபோல மெல்லியதாக இருக்க வேண்டும், கோட்டின் மடிப்புக் காலர் அதன்மேல் தட்டையாகப் படிய வேண்டும். அவ்வளவு நெருக்கமான கண்ணிகளை நாள் முழுக்கக் கையால் போட்டுக் கட்டுப்படியாகாது. அதற்கு லஃப்பரோ ஊர்க்காரர் வில்லியம் காட்டன் 1864-ல் காப்புரிமை வாங்கிய பின்னல் எந்திரமும், அதன் வழிவந்தவையும் இருந்தன. பின்னும்போதே கண்ணியைக் கூட்டிக் குறைத்து, தோளுக்கும் கைக்குழிக்கும் வடிவம் கொடுத்துவிடும் எந்திரம் அது.