பென்ட்ரெட் கூட்டறிகுறி

பென்ட்ரெட் கூட்டறிகுறி என்பது பிறவியிலோ குழந்தைப் பருவத்திலோ தோன்றும் காது கேளாமையும், அதன் பின்னர் தோன்றும் கழுத்துக் கழலையும் ஒருங்கே அமைந்த ஒரு மரபுவழி நோய் ஆகும். தைராய்டு சுரப்பியும் உட்செவியும் ஒருவரிடத்தே சேர்ந்து பாதிக்கப்படும் நோய்களுள் இது நன்கு ஆராயப்பட்ட ஒன்று. தைராய்டு சுரப்பு குறைவதால்தான் காது கேளாமல் போகிறது என்று பலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. ஒரே மரபணுவின் பழுதினால் இவ்விரு உறுப்புகளும் தனித்தனியே பாதிக்கப்படுகின்றன.

வரலாறு

இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் வாழ்ந்த ஓர் அயர்லாந்துக் குடும்பத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தனர். அவர்களுள் இரு சகோதரிகளுக்குக் காது கேளாமையும் கழலையும் சேர்ந்திருந்ததை மருத்துவர் வான் பென்ட்ரெட் கண்டார். 1896-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் இது பற்றிச் சுருக்கமான குறிப்பொன்றை எழுதினார். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணுவைப் பெறும் பிள்ளைக்கே இந்நோய் வருகிறது என்பதை ரசல் பிரெய்ன் 1927-இல் எடுத்துக்காட்டினார். 1965-இல் ஜி. ஆர். பிரேசர் 207 குடும்பங்களை ஆராய்ந்து, இலட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 7.5 என்ற அளவில் இந்நோய் காணப்படலாம் என மதிப்பிட்டார்.

நோய்க்காரணம்

நோய்க்குக் காரணமான மரபணு 1997-இல் கண்டறியப்பட்டது. இது 7-ஆம் குரோமோசோமில் உள்ளது. எஸ்எல்சி26ஏ4 எனப் பெயரிடப்பட்டுள்ளது. இதிலிருந்து உருவாகும் புரதம் பென்ட்ரின் எனப்படும். தொடக்கத்தில் இது சல்பேட்டைக் கடத்தும் புரதம் எனக் கருதப்பட்டது. குளோரைடு, அயோடைடு ஆகியவற்றையே இது கடத்துகிறது என்பது 1999-இல் தெரியவந்தது.

தைராய்டு சுரப்பியில் பென்ட்ரினின் பணி, உயிரணுவினுள் வந்த அயோடைடை நுண்ணறையின் உட்புறத்துக்கு அனுப்புவது. அங்குதான் அயோடின் புரதத்துடன் பிணைந்து தைராய்டு இயக்குநீராகிறது. இவ்வழி தடைப்படும்போது சுரப்பி பருத்துக் கழலை ஆகிறது. ஆயினும் வேறு வழிகளிலும் அயோடைடு ஓரளவு செல்வதால், கழலை உள்ளவர்களுள் பலருக்கு இயக்குநீர் அளவு இயல்பாகவே இருக்கும். உணவில் அயோடின் போதிய அளவு கிடைப்பின் கழலையே தோன்றாமலும் போகலாம்.

உட்செவியில் இதே புரதம் முற்றிலும் வேறொரு வேலையைச் செய்கிறது. அங்கே அது பைகார்பனேட்டை அகநிணநீரில் சேர்க்கிறது. பென்ட்ரின் இல்லையேல் அந்நீர் அமிலத்தன்மை அடைகிறது. கருவிலேயே அதன் அளவு பெருகி உட்செவியின் அறைகள் விரிகின்றன. ஒலியை உணரும் மயிரணுக்களுக்குத் தேவையான மின்னழுத்தமும் இழக்கப்படுகிறது.

2001-இல் இம்மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் உருவாக்கப்பட்டன. அவை முற்றிலும் செவிடாக இருந்தன. ஆனால் அவற்றின் தைராய்டு இயல்பாகவே இருந்தது. தைராய்டு குறையாமலேயே செவி கெடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. கருவின் 16-ஆம் நாளை ஒட்டித் தொடங்கி, பிறந்த இரண்டாம் நாள் வரையில் பென்ட்ரின் இருந்தால் சுண்டெலிக்குக் கேட்கும் திறன் அமைந்துவிடும் என்பது 2011-இல் வெளிவந்த ஆய்வு. தைராய்டு மாத்திரை ஏன் கேள்வித்திறனை மீட்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

கண்டறிதல்

கழலை பெரும்பாலும் பத்து வயதுக்குப் பின்னரே புலப்படுவதால், செவிடாய்ப் பிறந்த குழந்தையிடம் இந்நோயை ஐயுறுவது கடினம். சிடி அல்லது எம்ஆர்ஐ படம் இங்கே பெரிதும் உதவும். உட்செவியிலிருந்து மண்டையோட்டின் உட்புறம் செல்லும் வெஸ்டிபுலார் நாளம் என்னும் நுண்ணிய எலும்புக் குழாய் இவர்களுக்கு வழக்கத்தினும் அகன்றிருக்கும். சிலருக்கு நத்தை எலும்பு இரண்டரைச் சுற்றுக்குப் பதிலாக ஒன்றரைச் சுற்றோடு நின்றுவிடும். இவ்வமைப்பை இத்தாலியரான கார்லோ மொண்டினி, மரபணு என்ற சொல்லே இல்லாத 1791-ஆம் ஆண்டில் விவரித்தார்.

1958 முதல் பெர்குளோரேட் சோதனையும் பயன்பட்டு வந்தது. கதிரியக்க அயோடின் கொடுத்த பின் பெர்குளோரேட் கொடுத்தால், புரதத்துடன் பிணையாத அயோடின் சுரப்பியிலிருந்து வெளியேறும். இன்று மரபணுச் சோதனையே பெரிதும் செய்யப்படுகிறது.

அயோடின் பற்றாக்குறையாலும் கழலையும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வரும் என்பதால் இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். தாய்க்குப் போதிய அயோடின் கிடைத்தால் பற்றாக்குறையால் வரும் செவிட்டுத்தன்மையைத் தடுக்கலாம். பென்ட்ரெட் கூட்டறிகுறியை அவ்வாறு தடுக்க இயலாது. 1967-இல் சாமுவேல் ரெஃபெட்டாஃப் விவரித்த தைராய்டு இயக்குநீர் எதிர்ப்பு நோயிலும் செவிட்டுத்தன்மையும் கழலையும் காணப்பட்டன. அதில் இரத்தத்தில் இயக்குநீர் மிகுந்திருக்கும்.

சிகிச்சை

தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்குத் தைராக்சின் மாத்திரை தரப்படும். செவிக்குக் கேட்புக்கருவியும், கேள்விக்குறை மிகுந்தவர்களுக்குக் காக்ளியர் உட்பதியமும் பயன்படுகின்றன. குறைந்த வயதிலேயே பதியம் வைக்கப்படும் குழந்தைகள் பேச்சை நன்கு கற்கின்றனர்.

எஞ்சியுள்ள கேள்வித்திறனைக் காப்பது வீட்டாரின் கையிலும் இருக்கிறது. நாளம் அகன்றவர்களுக்குத் தலையில் சிறு அடி பட்டாலும் கேள்வித்திறன் திடீரெனக் குறையக்கூடும். எனவே குத்துச்சண்டை போன்ற விளையாட்டுகளைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் கூறுவர். பெற்றோர் இருவரும் இம்மரபணுவின் ஒரு பழுதுபட்ட பிரதியை உடையவராயின், ஒவ்வொரு பிறப்பிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று ஆகும். நெருங்கிய உறவில் மணம் செய்யும் குடும்பங்களில் இத்தகைய பெற்றோர் இணைவதற்கான வாய்ப்பு மிகுதி.