உப்புநீரும் உலோகமும்: புதுவைக் கடற்பாலத்தின் சரித்திரம்

நமது சங்கத்துப் பத்திரிகையில் ஐந்தொழிலின் பெருமையைக் குறித்துக் கட்டுரைகள் பல வெளிவந்துள்ளன. அவற்றை நம் அங்கத்தினரும் அவர்தம் குடும்பத்தாரும் விரும்பிப் படித்திருப்பர். இம்முறை அப்பெருமையைப் பேசாது, கொல்லன் செய்வதையெல்லாம் சத்தமின்றித் தின்றுவிடும் உப்புநீரின் சரித்திரத்தைச் சிறிது கூற விரும்புகிறேன். வில்லியனூரிலும் பாகூரிலும் பட்டறை வைத்திருக்கும் நம்மவர், கிரில், கதவு, மாடிப்படிக் கைப்பிடி முதலியவற்றைக் கடற்கரையூர்களுக்கும் செய்து அனுப்புகின்றனர். அவ்வூர்களின் காற்று வேறு, உள்நாட்டுக் காற்று வேறு என்பதை மறந்தால், நட்டம் பொருளுக்கு மட்டுமன்று. நம் சொல்லுக்கும் உண்டு.

புதுவைக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கற்றூண்கள் 18-ஆம் நூற்றாண்டில் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. இத்தனை காலம் கடற்காற்றை உண்டும், கற்றச்சரின் உளிவேலை அவற்றில் இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. அவற்றுக்கு அண்மையில், கடலுக்குள், துருவேறித் தேய்ந்த இரும்புத் தூண்களின் அடிப்பாகங்கள் வரிசையாகத் தலைகாட்டுவதை நம்மவர் பலர் பார்த்திருக்கக்கூடும். அவை 1866-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கத்தார் கட்டிமுடித்த இரும்புக் கடற்பாலத்தின் மிச்சங்களாம். அப்பாலம் 1952-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. கல் நிற்க, அதன்பின் வந்த இரும்பு வீழ்ந்த காரணம் யாது?

அதனை ஆராயுமுன், பாலம் வருவதற்கு முன்னிருந்த நிலையை நோக்குவோம். புதுவையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தூரத்தே நங்கூரம் பாய்ச்சி நிற்க, ஆட்களும் சரக்கும் சலங்கு என்னும் படகுகளிலேயே அலைகளைத் தாண்டிக் கரை சேர்ந்தனர். ஆனந்தரங்கப் பிள்ளையவர்களின் நாட்குறிப்பிலும் சலங்கு பேசப்படுகின்றது. பிரெஞ்சுக்காரரும் அச்சொல்லையே திரித்துத் தம் மொழியில் வழங்கினர். ஆங்கிலேயர் மசூலாப் படகு என்றதும் இவ்வகையையே. இப்படகில் ஓர் இரும்பாணியும் கிடையாது. பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, இணைப்பின்மேல் வைக்கோலையோ தென்னைநாரையோ வைத்து, கயிற்றினால் தைத்துவிடுவர். கட்டுமரமும் அவ்வாறே, மரங்களைக் கயிற்றால் பிணிப்பதன்றி ஆணி அறைவதில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் இக்கரையைப் பற்றி எழுதிய கிரேக்க மாலுமி ஒருவன், பெரிய மரங்களைப் பிணைத்துச் செய்த கலங்களை இங்கே சொல்கிறான். பொதுகே என்று அவன் குறிக்கும் பட்டினம் அரிக்கமேடே என்பது பலர் துணிபு.

தைத்த படகு அலையின் அடியில் வளைந்து கொடுக்கும். ஆணியறைந்த படகு விறைத்து நின்று பிளக்கும். இதுவே தையலுக்கு முதற்காரணமாகச் சொல்லப்படுவது. மற்றொரு காரணமும் உண்டென்பது என் கருத்து. உப்புநீரில் நனைந்த இரும்பாணி தான் துருப்பிடிப்பதோடு நில்லாது, தன்னைச் சுற்றிய மரத்தையும் கெடுத்து, துளையைப் பெரிதாக்கிவிடும். கயிறோ நைந்தால் அவிழ்த்து மறுபடி தைக்கலாம். நம் கடற்கரைப் பட்டினவர் இரும்பு அறியாதவரல்லர். அலைவாய்க்கு அதனை வேண்டாமென்று விட்டவர். இதனை அறியாமை என்று எழுதிய வெளிநாட்டார் சிலரினும், அவர்கள் நுட்பம் உயர்ந்ததே.

நிற்க. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நீராவிக் கப்பல்களும் பெருகிய வியாபாரமும் கடற்பாலத்தை வேண்டின. அயர்லாந்தில் பார்வையிழந்த எந்திர வல்லுநர் அலெக்சாண்டர் மிச்செல் என்பவர், நுனியில் அகன்ற திருகு அமைந்த இரும்புத் தூணை மணலுக்குள் திருகி இறக்கும் முறையைக் கண்டு, 1833-இல் உரிமம் பெற்றிருந்தார். மணற்பாங்கான நம் கரைக்கு அது மிகவும் ஏற்றதாயிற்று. சென்னையிலும் புதுவையிலும் திருகுத்தூண் பாலங்கள் எழுந்தன.

இரும்பு ஏன் துருப்பிடிக்கின்றது? தாதுவை உலையிலிட்டு, கரியினால் அதன் பிராணவாயுவைப் பிரித்தே இரும்பைப் பெறுகிறோம். நீரும் காற்றும் கூடிய இடத்தில் அது அவ்வாயுவை மீண்டும் பற்றிக்கொண்டு மண்ணாகவே மாற முயல்கிறது. நல்ல நீரில் மெல்ல நடக்கும் இம்மாற்றம் கடல்நீரில் விரைகின்றது. ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அவ்வுப்பு மின்னோட்டத்துக்கு வழிவிடுவதோடு, உலோகத்தின்மேற் படியும் காப்புப்படலத்தையும் துளைத்துவிடும். தூண் முழுதும் ஒரே அளவாகத் தேய்வதும் இல்லை. மணலுள் புதைந்த பாகத்துக்குப் பிராணவாயு அரிதாகவே எட்டும். எப்போதும் நீருள் மூழ்கிய பாகம் சற்று வேகமாகத் தேயும். அலை தெறித்து நனைந்தும் காய்ந்தும் மாறிவரும் பாகமே எல்லாவற்றிலும் கடுமையாக அரிபடும். அடிப்பாகம் எஞ்சியிருக்க மேற்பாகம் போனதற்குப் புயலோடு இதுவும் துணையாயிற்று எனலாம். வார்ப்பிரும்பாயின் இன்னுமொரு வஞ்சம் உண்டு. இரும்பு கரைந்து போக, காரீயம் போன்ற மென்கரி மட்டும் பழைய வடிவத்திலேயே நிற்கும். பார்வைக்குத் தூண், கத்தியால் சீவினால் சீவும்.

செம்பு இவ்வாறு எளிதில் அழிவதில்லை. நம் பாகூரிலே கிடைத்த செப்பேடுகள், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் 9-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு அளித்த கொடையை இன்றும் படிக்கத் தருகின்றன. இரும்பேட்டில் எழுதியிருந்தால் அக்கல்விச்சாலையின் கதை நமக்குக் கிட்டியிராது.

ஆங்கிலக் கடற்படையார் கப்பற்புழுவைத் தடுக்க 1761-இல் 'அலாரம்' என்னும் போர்க்கப்பலின் அடிக்குச் செப்புத்தகடு வேய்ந்தனர். இரண்டாண்டு கழித்துப் பார்க்கையில் தகடு நன்றாயிருந்தது. அதனைப் பிடித்த இரும்பாணிகளோ பல கரைந்து போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் பிழைத்திருந்தன. தகடு சுற்றிவந்த பழுப்புக் காகிதம் அவ்விடங்களில் கிழிபடாமல் தங்கி, செம்பையும் இரும்பையும் தொடவிடாமல் காத்திருந்தது! இரண்டு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் மின்கலமாகி, தாழ்ந்த உலோகம் உயர்ந்ததற்காகத் தன்னைக் கொடுத்துவிடும். டார்ச்சு விளக்குப் பாட்டரியின் துத்தநாகக் குப்பி கரைவதும் இவ்விதியாலேயே. 1824-இல் ஹம்பிரி டேவி என்னும் இரசாயன சாஸ்திரி இதனையே காப்பாக மாற்றி, துத்தநாகத் துண்டு அல்லது இரும்புத் துண்டு பொருத்திச் செம்பைக் கரையாமல் செய்தார். செம்பு பிழைத்தது, ஆனால் கரையாத செம்பில் நஞ்சு வெளிப்படாமையால் சிப்பியும் பாசியும் மொய்த்துக் கப்பலின் வேகத்தைக் கெடுத்தன. அவர் முறை செம்புக்குப் பயன்படாவிடினும், இக்கால இரும்புக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளாக வாழ்கின்றது. 1837-இல் பிரெஞ்சுக்காரர் சோரேல் உரிமம் பெற்ற துத்தநாக முலாமும் இவ்வினத்ததே.

கன்னார்த் தொழில் செய்வோர்க்கு ஒரு சொல். துத்தநாகம் மிகுந்த பித்தளை கடல்நீரில் நாளடைவில் துத்தநாகத்தை இழந்து, சிவந்து, நொய்ந்த செம்பாக நின்றுவிடும். நூற்றுக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் அக்கேடு குறைகிறதென்று கண்டு, அதனைக் கப்பற்பித்தளை என்றனர். வெண்கலம் அதனினும் நம்பத்தக்கது.

பழைய பாலம் போனபின் 1962-இல் சிமென்டுக் கான்கிரீட்டால் புதுப்பாலம் அமைந்தது. அதிலும் ஒரு பகுதி 2022 மார்ச்சு மாதத்துக் கடற்சீற்றத்தில் இடிந்து வீழ்ந்தது. கான்கிரீட் கல்லைப் போல் தோன்றினும் அதனுள்ளே இருப்பது நம் பழைய இரும்பே. உப்பு உட்புகுந்தால் கம்பி துருவாகி, தன் பருமனில் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை வீங்கி, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். பாகூர்க் கொம்யூனின் நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் போன்ற கரையூர்களில் வீடு கட்டுவோர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். இந்தியத் தர விதியாகிய ஐ.எஸ். 456, கடற்கரைச் சூழலில் கம்பியின்மேல் 45 மில்லிமீட்டரும், உப்புத்திவலை தெறிக்குமிடத்தில் 50 மில்லிமீட்டரும் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பதும் அவ்விதியே. உவர்த்த ஆழ்குழாய் நீரைப் பரிசோதிக்காமல் கலவையில் ஊற்றுவது, கரையானைக் கூடையில் கொண்டுவந்து வீட்டில் விடுவதற்கு ஒப்பாம்.

இத்துறையில் ஆராய்ச்சிக்கு நாம் வெகுதூரம் போகவேண்டுவதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, காரைக்குடியில் 1948-இல் கால்கொண்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடம் உலோக அரிமானத்தையே ஒரு பெரும் பகுதியாக ஆராய்கின்றது. 1914-இல் திறந்த பாம்பன் இரயில் பாலம் உப்புக்காற்றில் நலிந்து, 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருவேறா எஃகுக் கம்பிகளும், இணைப்புகளை முற்றும் பற்றவைத்தலும், சிறப்பு மேற்பூச்சும் தேர்ந்துகொள்ளப்பட்டன.

துருவேறா எஃகிலும் வகை உண்டு. கடையில் மிகுதியாகக் கிடைக்கும் 304 என்பது கரையோரத்தில் சில மாதங்களிலேயே தேநீர்க் கறை போற் புள்ளி கொள்ளும். மாலிப்டினம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சேர்ந்த 316 விலை கூடியதாயினும் அங்கு ஏற்றது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆதலின் எதனைத் தருகிறோம் என்பதைப் பட்டறைச் சீட்டில் எழுதித் தருவது முறை. அலுமினியச் சட்டத்துக்கு எஃகுத் திருகாணி இடும்போது நைலான் வளையம் கொடுத்துத் தொடாமற் செய்க. 'அலாரம்' கப்பலின் காகிதம் செய்த வேலையை அது செய்யும். துத்தநாக முலாம் இட்ட இரும்பை முலாமிட்ட பின்னர் அறுத்தலும், துளையிடுதலும், பற்றவைத்தலும் ஆகா. தவிர்க்க இயலாதாயின், அன்றே அவ்விடத்தைத் தேய்த்துத் துத்தநாகப் பூச்சுப் பூசுதல் வேண்டும். துரு முதலில் நுழைவது அவ்வழியே.