தேய்த்தால் அழியும் முத்திரை

பழைய இரட்டைக்குழல் துவக்கு ஒண்டு கையில கிடைச்சால், கனபேருக்கு முதலில வாற ஆசை அதைத் தேய்ச்சுப் புதுசாக்கிறதுதான். அங்கதான் வரலாறு அழியுது.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1813இல் சட்டப்படி ஒரு பரிசோதனை நிலையம் அமைந்தது. குழலில் வழமைக்கு மிஞ்சிய மருந்தை இட்டு வெடித்துப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்தினார்கள். 1875இல் அதே நகரில் அன்சனும் டீலியும் உருவாக்கிய எளிய பொறியமைப்பு இரட்டைக்குழல் செய்வதை இலகுவாக்கியது.

இரும்பையும் உருக்கையும் முறுக்கி அடித்த பழைய டமாஸ்கஸ் குழல்கள் பல, கரிமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டவை. அதைச் சொல்லுறது அந்த முத்திரைதான். அது அழிஞ்சால், அடுத்தவர் தெரியாமல் புகையற்ற மருந்துத் தோட்டாவைப் போடுவார். குழல் வெடிச்சுக் கையே போகலாம்.

மரப்பிடியை உங்கட தோளுக்கேற்பச் சூடான எண்ணெயால் இளக்கி வளைக்கலாம். வேண்டாமெண்டால் திரும்பவும் வளைக்கலாம். குழலில தேய்ஞ்சது திரும்பி வராது.