தணிக்கைச் சீட்டும் தாய்மடியும்

டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' 1938இல் பிரிட்டனில் திரைக்கு வந்தபோது, அங்குள்ள தணிக்கை வாரியம் அதற்கு 'யு' சான்று தரவில்லை. 'ஏ' சான்றுதான் தந்தது. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் ஒருவரின் துணையோடுதான் உள்ளே போகலாம் என்பது அந்நாளில் அதற்குப் பொருள். காட்டுக்குள் ஓடும் பெண்ணை மரக்கிளைகள் கைநீட்டிப் பிடிக்க வருவதும், அழகான அரசி கூன்விழுந்த கிழவியாக மாறுவதும் பிள்ளைகளை நடுங்க வைக்கும் என்ற கவலை அன்று பேசப்பட்டது. பல ஊர்களின் மன்றங்கள் இதை ஏற்காமல், தங்கள் ஊரில் எல்லாரையும் அனுமதித்துக்கொண்டன. சின்னப் பிள்ளைகள் கார்ட்டூன் படம் பார்க்கலாமா என்ற பேச்சு அப்போதே இவ்வளவு சூடாக இருந்திருக்கிறது. அந்தத் தீர்ப்பில் என் மனத்தில் நிற்பது ஒன்றுதான்: வாரியம் படத்தைத் தடுக்கவில்லை, வெட்டித் தள்ளவுமில்லை, பிள்ளையின் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும் என்றது. அதே வெள்ளைக்கார ஆட்சியின் கீழிருந்த பினாங்கில் தணிக்கை வேறு கவலைகளோடு வளர்ந்தது. இன்று ஜார்ஜ் டவுனில் ஒரு தாய் தன் நாலு வயது மகளை எந்தப் படத்துக்கு அழைத்துப் போவது என்று யோசிக்கும்போது, அரசாங்கச் சீட்டு அவளுக்குப் பெரிதாக உதவாமல் போவதற்கு அந்த வரலாறே காரணம்.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களில் படத்தணிக்கை முதல் உலகப்போர்க் காலத்தில் வேரூன்றி, 1920களில் இறுகியது. அமெரிக்கப் படங்களில் வெள்ளைக்காரர் திருடுவதையும் குடித்துச் சண்டையிடுவதையும் ஆசிய மக்கள் பார்த்தால் ஆளுகிறவர் மீதான மதிப்புப் போய்விடும் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். குற்றவாளிகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது போன்ற காட்சிகளும் அரசியல் கிளர்ச்சியைத் தூண்டும் காட்சிகளும் அவர்களை உறுத்தின. தணிக்கை காத்தது ஆட்சியை, பிள்ளையை அல்ல. சுதந்திரத்துக்குச் சற்று முன் 1952இல் தணிக்கைச் சட்டமும், 1954இல் தணிக்கை வாரியமும் வந்தன. இப்போது நடப்பில் இருப்பது 2002ஆம் ஆண்டுச் சட்டம். ஆள்கிறவர்கள் மாறினார்கள், தணிக்கையின் பார்வை அதிகம் மாறவில்லை. மோசே வரலாற்றைச் சொல்லும் 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' என்ற கார்ட்டூன் படம் 1998இல் வெளியானது. மத உணர்வைப் புண்படுத்தும் என்று மலேசியாவில் அதைத் தடை செய்தார்கள். 2022இல் 'லைட்இயர்' படத்தில் சில காட்சிகளை நீக்கச் சொன்னபோது டிஸ்னி மறுத்துவிட்டது. அது நம் திரையரங்குகளுக்கு வரவேயில்லை. இரண்டு முடிவுகளையும் ஆதரிப்பவரும் உண்டு, எதிர்ப்பவரும் உண்டு. இரண்டிலும் விவாதிக்கப்பட்டது பெரியவர்களின் நம்பிக்கையும் ஒழுக்கமும்தான். ஐந்து வயதுப் பிள்ளை இராத்திரி தூக்கத்தில் அலறி எழுமா என்பதை யாரும் கேட்கவில்லை.

இதனால் 'யு' என்ற எழுத்தைப் பார்த்ததும் பெற்றோர் நிம்மதி அடைவது சரியல்ல. பெரியவர்களின் மனத்தைப் புண்படுத்தும் எதுவும் இதில் இல்லை என்பதற்குத்தான் அந்த எழுத்து உறுதி. 'கார்ட்டூன்' என்ற பெயரையும் அப்படியே நம்பிவிடுகிறோம். பிரிட்டிஷ் மருத்துவ இதழான பிஎம்ஜே 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 1937இன் 'ஸ்னோ ஒயிட்' முதல் 2013 வரை வசூலில் முன்னணியில் நின்ற 45 அனிமேஷன் படங்களை, பெரியவர்களுக்கான 90 நாடகப் படங்களோடு ஒப்பிட்டார்கள். அனிமேஷன் படங்களில் முக்கியப் பாத்திரம் சாகும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகம். கதாநாயகனின் தாயோ தகப்பனோ சாகும் வாய்ப்பு ஐந்து மடங்கு அதிகம். 1942இல் வந்த 'பாம்பி'யில் வேட்டைக்காரன் சுட்டுத் தாய்மான் சாகிறது. ஜப்பானில் 1988இல் சிரிப்பும் விளையாட்டுமான 'டோட்டோரோ'வோடு சேர்த்து ஒரே காட்சியில் திரையிட்டது, போரில் அண்ணனும் தங்கையும் பசியால் சாகும் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' படத்தை. வரைந்த படம் என்பதற்காக அது பிள்ளைக்கு உரியதாகிவிடாது.

தணிக்கைச் சீட்டு கவனிக்காத பிள்ளையை இங்குள்ள தமிழர் வேறு ஒரு வழக்கத்தால் பார்த்துக்கொண்டார்கள். அதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. பினாங்கில் வேடிக்கை பார்ப்பது தொடக்கம் முதலே கூட்டமாகக் கூடிச் செய்யும் காரியம். 1880களில் இந்த ஊரில் பிறந்த பங்சாவான் நாடகத்துக்கு வித்திட்டவை இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள். அதை எல்லா இனத்தாரும் போய்ப் பார்த்தார்கள். பிறகு வந்த சினிமாக் கொட்டகைகளில் பினாங்கு ரோட்டு ஓடியன் இந்தியப் படங்களுக்குப் பெயர் பெற்றது. கடல் தாண்டி செபராங் பிறை ரப்பர்த் தோட்டங்களிலோ படம் திடலுக்கே வந்தது. 1946இல் தொடங்கிய மலாயன் ஃபிலிம் யூனிட்டின் படங்களைத் தகவல் இலாகா வண்டி தமிழ் விளக்கத்தோடு கொண்டு வந்து திரை கட்டிக் காட்டும். பாய் விரித்து, தாயின் மடியில் ஒன்றும் பக்கத்தில் இரண்டுமாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் கூட்டம் அது. பயங்கரமான கட்டம் வந்தால் பிள்ளை முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். தூக்கம் வந்தால் அங்கேயே படுத்துவிடும். வேண்டாத காட்சியில் தாயே கண்ணைப் பொத்திவிடுவாள். லண்டன் வாரியம் 1938இல் சான்றால் செய்ய முயன்றதைத் தோட்டத்துத் திடலில் வழக்கமே செய்தது.

இதைப் பழங்காலத்துப் பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் காண்டர் பல ஆண்டுகள் செய்த ஆய்வு சான்று. பள்ளிக்குப் போகாத வயதில் பிள்ளை பயப்படுவது தோற்றத்தைக் கண்டு. நல்லவனே ஆனாலும் பச்சை நிற அரக்கனாக உருமாறும் 'ஹல்க்' அந்த வயதினரைக் கதிகலங்க வைத்தான். ஏழெட்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு உருவத்தைவிட நடக்கக்கூடிய ஆபத்துதான் பயம்: வீட்டில் திருடன் நுழைவது, தீப்பிடிப்பது, அம்மா செத்துப்போவது. 'அது நிஜமில்லை கண்ணு, சும்மா படம்' என்று பெரிய பிள்ளைக்குச் சொன்னால் ஆறுதலாகும். சின்னப் பிள்ளைக்கு அந்த வார்த்தை எட்டவே எட்டாது. அதற்கு வேண்டியது அணைத்துக்கொள்ள ஓர் உடம்பு, பிடித்துக்கொள்ள ஒரு கை. ஆகவே நாலு வயதுக்கு ஒரு படம் ஆகுமா என்று கேட்கும்போது கதையின் நீதியைவிட உருவங்களையே முதலில் பார்க்க வேண்டும். எட்டு வயதுக்குக் கதையைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிய நல்லதங்காள் கதையையும், பாம்பு தீண்டிச் செத்த லோகிதாசனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிவரும் சந்திரமதியின் கதையையும் கேட்டுத்தானே நம் பாட்டன் பாட்டி வளர்ந்தார்கள், அவர்களுக்கு என்ன ஆகிவிட்டது என்பார்கள். கேள்வி நியாயமானது, துக்கமே தெரியாமல் பிள்ளையை வளர்க்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் நல்லதங்காளைச் சொன்னது ஒரு பாட்டி. கேட்கும் பிள்ளையின் உதடு துடிப்பதைக் கண்டால் கிணற்றடியை இரண்டே சொல்லில் கடந்து, பிள்ளைகள் உயிரோடு எழுந்து வரும் முடிவுக்குப் போய்விடுவாள். இன்னொரு நாள், பிள்ளை கொஞ்சம் வளர்ந்த பிறகு, நின்று நிதானமாகச் சொல்வாள். கேட்கும் பிள்ளையும் தன்னால் தாங்க முடிந்த அளவுக்கே அந்தக் கிணற்றை மனத்தில் வரைந்துகொள்ளும். திரை அப்படி இடம் கொடுக்காது. பார்க்கிற பிள்ளை யாரானாலும் அதே உருவம், அதே இடி முழக்கம், அதே வேகம்.

கூடி உட்கார்ந்து பார்க்கும் வழக்கம் குலைந்தது ஒரே நாளில் அல்ல. 1963 டிசம்பரில் மலேசியத் தொலைக்காட்சி தொடங்கியது. வீட்டுக்கு வந்த பெட்டி ஒன்றே என்பதால் குடும்பம் அதன் முன்னால் கூடித்தான் உட்கார்ந்தது. ஜார்ஜ் டவுன் லெபோ பாசார் கடைகளில் வீடியோ கேசட்டும் பிறகு வட்டும் விற்ற காலத்திலும் கூடம் கூடமாகவே இருந்தது. பிள்ளையின் கைக்குள் கைப்பேசி வந்தபோதுதான் பக்கத்து இடம் காலியானது. இணையம் வழி வருவது தணிக்கை வாரியத்தின் மேசைக்குப் போவதுமில்லை. உள்ளூர்ப் படம் என்றால் கவலையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். நாட்டின் முதல் கார்ட்டூன் படமாகச் சொல்லப்படும் 'ஹிகாயாட் சாங் கான்சில்' அரசின் படப்பிரிவான பிலிம் நெகாராவில் ஆனந்தம் சேவியர் என்பவர் கையால் உருவாகி, 1980களில்தான் தொலைக்காட்சிக்கு வந்தது. அந்தச் சருகுமான் கதை நமக்குப் பெருமைதான். 2007 முதல் தமிழ்ப் பிள்ளைகளும் மயங்கிக் கிடக்கும் 'உப்பின் இப்பின்' அன்பான தொடர் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அந்த இரட்டையர் தாய் தகப்பனை இழந்து, பாட்டியிடமும் அக்காளிடமும் வளர்பவர்கள். 'அவங்க அம்மா எங்கே?' என்று மூன்று வயதுப் பிள்ளை கேட்கும் கேள்விக்குக் கைப்பேசி பதில் சொல்லாது.

வேலைக்குப் போகும் பெற்றோர் எப்படிக் கூட உட்காருவது என்பது இரண்டாவது மறுப்பு. முதலாவதைவிட இதைத்தான் நான் மதிக்கிறேன். 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் திறந்தது முதல் இந்தத் தீவின் தாய்மார் ஆயிரக்கணக்கில் மின்னணுத் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்த்து வருகிறார்கள். வீட்டுக்கு வந்து சோறாக்கும் அரை மணி நேரம் பிள்ளை கார்ட்டூன் பார்த்தால் அதைக் குற்றமாகச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. தோட்டத்துத் தாயும் விடியுமுன் பால்வெட்டப் போனவள்தான். பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் போனாள். அவள் எந்நேரமும் பிள்ளையோடு இருக்கவில்லை. படம் காட்டும் இரவில் இருந்தாள். தாளிக்கும் நேரத்துக்குப் பிள்ளை முன்பே பார்த்துப் பழகிய, பயம் தெளிந்த கதையைப் போட்டுவிடலாம். அதே கதையைப் பத்துத் தடவை பார்க்கப் பிள்ளைக்குச் சலிக்காது. புதுப் படத்தை மட்டும் விடுமுறை நாளுக்கு வைத்துக்கொண்டால் போதும். தாய்க்கு முடியாவிட்டால் பாட்டியோ அண்ணனோ உட்காரலாம். மடி யாருடையது என்பது பிள்ளைக்குப் பெரிதல்ல. தணிக்கை வாரியம் அண்மையில் சேர்த்த 'பி12' என்ற வகை, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் வழிகாட்டல் தேவை என்கிறது. பெற்றோரை நேராகப் பார்த்துப் பேசும் சீட்டு அது. ஆனால் பன்னிரண்டுக்குக் கீழே மூன்றும் இருக்கிறது, பதினொன்றும் இருக்கிறது. அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க அந்தப் பிள்ளையோடு ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவர்களால்தான் முடியும்.