தனியக் கிண்டுவதா, கூடிக் கிண்டுவதா?

பலெர்மோவில் எங்கட ஆக்கள் இரண்டு பேர் சந்தித்தால் முன்பெல்லாம் வேலைக் கதை, பெர்மெசோ கதை, ஊர்க் கதை. இப்போது இளம் பெடியளிடம் இன்னொரு கதையும் சேர்ந்திருக்கிறது. பிட்கொயின் மைனிங். மெசின் வாங்கலாமா என்பதைத் தீர்மானித்துவிட்டு, "அண்ணை, தனியச் செய்யிறதோ, பூலிலை சேருறதோ?" என்று கேட்கிறார்கள். பூல் என்றால் பலர் சேர்ந்து கிண்டும் கூட்டம். இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பதில் பாதி தானாகவே வந்துவிடும்.

2009 ஜனவரி 3-ந் திகதி சட்டோஷி நாகமோட்டோ என்ற புனைபெயர்க்காரர் முதல் பிட்கொயின் கட்டையை (அதுதான் 'புளொக்') உருவாக்கினார். இது சுரங்கம் என்று சொல்லப்பட்டாலும் உண்மையில் ஒரு லொத்தர். கணினி கண்மூடித்தனமாக எண்களைப் போட்டுப் போட்டுப் பார்க்கும். குறித்த எல்லைக்குக் கீழே விடை வந்தால் வெற்றி. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருவருக்குப் பரிசு விழும். அன்றைய பரிசு 50 கொயின். ஆட்கள் குறைவு, வீட்டுக் கணினியே போதும். எல்லோரும் தனியத்தான் கிண்டினார்கள்.

அடுத்த வருடமே நிலைமை மாறியது. லாஸ்லோ ஹான்யெட்ஸ் என்பவர் கிராபிக்ஸ் கார்ட்டால் மைனிங் செய்யும் வழியைப் பரப்பினார். (2010 மே 22-ல் இரண்டு பீட்சாவுக்குப் பத்தாயிரம் கொயின் கொடுத்தவரும் இவரேதான்!) பிட்கொயினின் விதி என்னவென்றால், 2016 கட்டைக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மொத்த வேகத்துக்கு ஏற்றபடி கணக்கின் கடினம் மாறும். வேகமான மெசின்கள் வந்ததும் கடினம் ஏறியது. சாதாரண கணினிக்காரர் மாதக்கணக்காக ஓடவிட்டும் ஒன்றும் கிடைக்காமல் இருந்தார்.

அப்போதுதான் செக் நாட்டைச் சேர்ந்த மாரெக் பலாட்டினஸ், 'ஸ்லஷ்' என்ற பெயரில் அறியப்பட்டவர், முதல் பூலைத் தொடங்கினார். அது தன் முதல் கட்டையைக் கண்டது 2010 டிசெம்பர் 16-ல்.

இது எங்கட சீட்டு மாதிரித் தெரியும். ஆனால் சீட்டில் ஆளை ஆள் தெரியும். இங்கே முகம் தெரியாதவர்கள் சேர வேண்டும். ஒருவன் வேலை செய்யாமல் பங்கு கேட்டால்? அதற்கு ஒரு வழி கண்டார்கள். பரிசு விழும் விடை அபூர்வம். அதைவிட இலகுவான, 'கிட்டத்தட்ட' விடைகள் அடிக்கடி வரும். ஒவ்வொருவரும் அந்தக் கிட்டத்தட்ட விடைகளை அனுப்ப வேண்டும். எத்தனை அனுப்பினானோ அத்தனை உழைத்தான் என்று பொருள். அதற்கேற்பப் பங்கு. சரி, உண்மையான பரிசு விடை கிடைத்தவன் அதை ஒளித்துத் தனக்கே எடுக்க முடியாதா? முடியாது. பரிசு போய்ச் சேரும் முகவரி முன்கூட்டியே கட்டைக்குள் எழுதப்பட்டிருக்கும். அந்த முகவரி பூலுடையது. அதை மாற்றினால் அந்த விடையே செல்லாது.

ஆக, நீண்ட காலக் கணக்கில் இரண்டு வழியிலும் வருமானம் ஒன்றுதான். பூலில் கழிவாக ஒரு சிறு வீதம் போகும். வித்தியாசம் காத்திருப்பில்தான்.

இத்தாலியில் இருப்பவர்களுக்கு இது விளங்காத விஷயமல்ல. 2023 பெப்ரவரி 16-ல் சூப்பர் எனலொட்டோவின் 371 மில்லியன் யூரோ பரிசு, 5 யூரோப்படி பங்கு வாங்கிய 90 பங்குகளுக்குப் பிரிந்தது. பங்கொன்றுக்கு ஏறக்குறைய 4 மில்லியன். அது பூல்.

மற்றப் பக்கத்தையும் பாருங்கள். லொட்டோவில் எங்கட பலெர்மோவுக்கும் ஒரு சக்கரம் உண்டு, வெனிஸுக்கும் ஒன்று. வெனிஸ் சக்கரத்தில் 53 என்ற எண் 2003 மே மாதத்திலிருந்து 182 குலுக்கல்களுக்கு வரவேயில்லை. "இனி வந்தே தீரும்" என்று வீட்டை விற்றும் கட்டினார்கள். தற்கொலைகளும் நடந்தன. கடைசியில் 2005 பெப்ரவரி 9-ல் வந்தது. குலுக்கலுக்கு ஞாபகசக்தி கிடையாது. மைனிங்குக்கும் கிடையாது. பத்து வருடம் தனியக் கிண்டி ஒன்றும் கிடைக்காதவனுக்கு, பதினோராவது வருடம் எந்தச் சலுகையும் இல்லை.

அப்படியென்றால் பூல்தான் நல்லதோ? அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. பூலில் சேர்ந்தால், கைக்கு வரும்வரை உங்கள் காசு நடத்துபவரிடம் இருக்கிறது. 2012 மார்ச்சில் ஸ்லஷ் பூலின் சேர்வர் இருந்த நிறுவனத்துக்குள் திருடர்கள் புகுந்து 3,000-க்கு மேற்பட்ட கொயின்களை அள்ளினார்கள். பலாட்டினஸ் தன் கையிலிருந்து ஈடுசெய்தார். எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள். பிட்கிளப் நெட்வொர்க் என்ற பெயரில், மைனிங் பூலில் பங்கு தருகிறோம் என்று காசு சேர்த்தவர்கள் மீது 2019 டிசெம்பரில் அமெரிக்க நீதித்துறை 722 மில்லியன் டொலர் மோசடிக் குற்றம் சாட்டியது. சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இடையில் 2014 ஜூனில் ஜிஹாஷ் என்ற ஒரே பூலிடம் மொத்த வேகத்தில் பாதிக்கு மேல் சேர்ந்து, பிட்கொயினே ஒருவர் கைக்குப் போய்விடுமோ என்ற பயமும் வந்தது.

இனி பலெர்மோக் கணக்கு. 200 டெராஹாஷ் மெசின் ஒன்று எடுத்தீர்கள் என்று வைப்போம். 2025-ல் உலகத்தின் மொத்த வேகம் 100 கோடி டெராஹாஷ் அளவைத் தொட்டது. உங்கள் பங்கு ஐம்பது இலட்சத்தில் ஒன்று. தனியக் கிண்டினால் சராசரியாக ஒரு கட்டைக்கு 95 வருடம். ஒரு வருடத்துக்குள் கிடைக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. 2022 ஜனவரியில் 126 டெராஹாஷ் மட்டும் வைத்திருந்த ஒருவருக்குக் கிடைத்தது உண்மைதான். கிடைக்காதவர்களைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை.

பூலில் சேர்ந்தால்? 2024 ஏப்ரலில் பரிசு 3.125 கொயினாகக் குறைந்துவிட்டது. உங்கள் பங்கு நாளுக்கு 0.00009 கொயின். கொயின் 80,000 யூரோ என்று வைத்தாலும் ஏழு யூரோ சொச்சம். மெசின் இழுக்கும் மின்சாரம் 3.5 கிலோவாட், நாளுக்கு 84 யூனிட். யூனிட் 25 சதம் என்றால் 21 யூரோ. அதைவிட, இங்கே வழமையான வீட்டு இணைப்பே 3 கிலோவாட்தான். உடுப்புத் தோய்க்கும் மெசினும் அவனும் ஒன்றாகப் போட்டால் கரண்ட் விழுகிற வீட்டில் இதை எங்கே பூட்டுவது?

என் கருத்து இதுதான். வருமானத்துக்கு என்றால், எங்கட வாடகை வீட்டில் இரண்டு வழியும் நட்டம். பூலில் நட்டம் நாளாந்தம் கணக்காக வரும், தனியே செய்தால் ஒரு கனவோடு சேர்ந்து வரும். படிக்கும் ஆசை என்றால் ஒரு டெராஹாஷ் அளவிலான குட்டி மெசின் வாங்குங்கள். மாதம் மூன்று யூரோ மின்சாரம். அதைத் தனிய ஓடவிட்டால் சராசரிக் காத்திருப்பு 19,000 வருடம். லொத்தர் என்று தெரிந்தே எடுப்பதில் பிழையில்லை. பூலில் ஓடவிட்டால், பங்கு எப்படிப் பிரிகிறது, எந்தத் தொகை சேர்ந்தால் கைக்கு வரும், கழிவு எவ்வளவு என்று கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் மெசின் உங்கள் வீட்டில் இல்லாமல், "காசைத் தா, நாங்கள் உனக்காகக் கிண்டுகிறோம்" என்று ஒருவர் வந்தால், அது தனியனும் இல்லை, பூலும் இல்லை. வீடு துடைத்தும் கிழவர்களைப் பார்த்தும் சேர்த்த காசு அது. கேட்பவர் எங்கட ஆளாக இருந்தாலும், ஏன், எங்கட ஆளாக இருந்தால் கூடுதலாகவே, கரண்ட் போலெட்டாவைக் காட்டச் சொல்லுங்கள்.